மொகிச்சி சொல்லாமல் போன காலை

ஒசாகா
1992 நவம்பர் 18

அன்புள்ள அண்ணனுக்கு,

மினேகோ எழுதுகிறேன். நான் நலம். உன் இடுப்பு வலி எப்படி இருக்கிறது? இஞ்சின் அறைச் சூட்டுக்கு அது ஓடியே போயிருக்கும் என்கிறாள் அம்மா. அவளுக்கு முழங்கால்தான் படுத்துகிறது. ஆனாலும் குஷிகினோவில் மீன் வடைப் பட்டறைக்கு இன்னும் நடந்தேதான் போகிறாள், சைக்கிளில் கொண்டுவிடுகிறேன் என்று சொன்னவர்களிடமெல்லாம் சண்டை போடுகிறாள்.

இந்தக் கடிதத்தோடு ஒரு பொட்டலம் வரும். ஃப்ரீமாண்டில் துறைமுகத்தில் உங்கள் கப்பல் ஏஜென்ட் உன் கையில் கொடுப்பார். உள்ளே எங்கள் கம்பெனி வீடியோ விளையாட்டு, ஒன்பது மலைவழி தாண்டும் அந்த 'ஒன்பது கணவாய்', அதன் இரண்டாம் பாகம் இருக்கிறது. போன பயணத்தில் நீங்கள் பதினாறு பேரும் முறை வைத்து விளையாடினீர்களே, அதன் தொடர்ச்சி. கூடவே அந்தக் கையடக்கக் கருவிக்கு நாற்பது பேட்டரி வைத்திருக்கிறேன். சூரை மீன் பிடிக்கப் போன ஆட்கள் டார்ச் விளக்குக்கு என்று அதைத் திருடாமல் பார்த்துக்கொள்.

நான் இன்னும் அதே அட்டைப் பிரிவில்தான் இருக்கிறேன். விளையாட்டுப் பெட்டிக்குள் ஓர் அஞ்சலட்டை இருக்கும். நல்லது, சுமார், மோசம் என்று மூன்று கட்டம், கீழே நான்கு வரிக்கு இடம். நாடெங்குமிருந்து வருகிற அந்த அட்டைகளைப் படித்து அடுக்குவதுதான் உன் தங்கையின் உத்தியோகம். நீயும் ஒன்று எழுதி அனுப்பு. தங்கச்சி கம்பெனி ஆயிற்றே என்று முகத்துக்காக எழுதாதே. உள்ளதை எழுது. கப்பலில் மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்பதையும் எழுது, ஒன்று விடாமல்.

உடம்பைப் பார்த்துக்கொள். சாப்பாட்டில் காய்கறியை ஒதுக்காதே.

உன் தங்கை
மினேகோ


ஃப்ரீமாண்டில்
1993 ஜனவரி 9

மினேகோவுக்கு,

கடிதத்தைப் பருவநிலையில் ஆரம்பிக்க வேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தார்கள். இங்கே ஜனவரியில் வெயில் மண்டையைப் பிளக்கிறது, எனக்கு என்ன எழுதுவது என்று தெரியவில்லை. நான் நலம். இடுப்பும் நலம். நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? ஒசாகாவில் நூடுல்ஸ் தவிர வேறு எதுவும் உன் வாயில் போவதில்லை என்று அம்மா எழுதியிருந்தாள்.

பொட்டலம் போன மாதம் இந்தத் துறைமுகத்தில் நின்றபோதே வந்தது. பத்திரமாக வந்தது என்பதைவிட, பதினாறு பேர் பார்த்துக்கொண்டிருக்கப் பிரிக்கப்பட்டது என்று சொன்னால் சரியாக இருக்கும். விளையாட்டைச் சேமித்து வைக்க ஓர் இடம்தானே இருக்கிறது, அதனால் பதினாறு பேருக்கும் ஒரே பயணம். காலையில் இஞ்சின் அறைக்காரர்கள், சாயங்காலம் தூண்டில் கயிறு இழுக்கிறவர்கள். யார் கையில் சண்டை தோற்கிறதோ அவர் அன்றைக்குப் பாத்திரம் கழுவ வேண்டும். இந்தச் சட்டத்தைப் போட்டவர் சமையல்காரர் அரிமுரா, ஏன் போட்டார் என்று உனக்கே புரியும்.

அபிப்பிராயம் கேட்டிருந்தாய். முதல் பாகத்தைவிட மேல் என்று எல்லோரும் சொல்கிறார்கள். மேல்தள ஆட்களின் தலைவர் நாகாதா மட்டும், மூன்றாம் கணவாயில் குளிர் போதவில்லை, நான் ஹொக்கைடோவில் பார்த்திருக்கிறேன் என்று குறை சொன்னார். அவருக்கு எதிலும் குறை உண்டு. கதையில் வரும் சுமைதூக்கி மொகிச்சி முதல் பாகத்தில் வந்த மாதிரியே முன்னால் நடக்கிறான். அதிகம் பேசுவதில்லை, கேட்டால் தூக்குகிறான். இங்கே எல்லோருக்கும் அவன்மேல்தான் உயிர். நாங்கள் மூன்று வாரம் பாடுபட்டுச் சம்பாதித்த இடிவாளை அவன் கையில்தான் கொடுத்திருக்கிறோம்.

ஒரு சந்தேகம். முதல் பாகத்தின் கடைசியில் செய்தவர்களின் பெயர்கள் ஓடின. 'பூனைவால்', 'இரண்டாம் மாடிப் பேய்' என்றெல்லாம் இருந்தது. உங்கள் கம்பெனியில் யாருக்கும் பெற்றவர்கள் பெயர் வைக்கவில்லையா?

அண்ணன்
இசாமு


ஒசாகா
1993 பிப்ரவரி 7
(எழுதி, அனுப்பாமல் மேசை இழுப்பறையில் வைத்தது)

அண்ணா,

இரண்டாம் பாகத்தின் கடைசியில் 'காரமுள்ளங்கி' என்று ஒரு பெயர் ஓடும். அது நான்தான்.

நான் அட்டைப் பிரிவிலிருந்து வந்து ஒன்றரை வருஷமாகிறது. முதல் பாகத்துக்கு வந்த அட்டைகளை ஒரு வருஷம் படித்தேன், படித்துவிட்டு அடுத்த கதை எப்படி இருக்கலாம் என்று எட்டுப் பக்கம் எழுதி நிஷிவாகி அவர்களின் மேசையில் வைத்தேன். அவர்தான் எங்கள் தலைவர். வாசித்துவிட்டு, "இத நீயே எழுதிடு" என்றார். எழுதினேன். சத்திரக்காரன் சொல்லும் வணக்கத்திலிருந்து கிணற்றடிக் கிழவி வையும் வசவுவரை எல்லாம் என்னுடையது. சொல்லிக்கொள்ள எவ்வளவு ஆசையாக இருக்கிறது தெரியுமா?

ஆனால் சொல்லக்கூடாது. நல்ல ஆட்களின் பெயர் வெளியே தெரிந்தால் பக்கத்துக் கம்பெனி கொத்திக்கொண்டு போய்விடுமாம். வீட்டில்கூடச் சொல்ல மாட்டேன் என்று எழுதி முத்திரை வைத்திருக்கிறேன். அம்மாவிடம் சொன்னால் மறுநாள் மீன் வடைப் பட்டறை முழுக்கத் தெரிந்துவிடும், அதுவும் உண்மைதான்.

ஏப்ரல் கடைசிவரை வரும் அட்டைகளில் 'நல்லது' பாதிக்குமேல் இருந்தால் மூன்றாம் பாகமும் எனக்கு. இல்லாவிட்டால் திரும்பவும் அட்டை அடுக்க வேண்டியதுதான். எனக்கு அது வேண்டாம் அண்ணா. எனக்கு இந்த வேலைதான் வேண்டும்.

நீங்கள் இன்னும் ஐந்தாம் கணவாய்க்கு வரவில்லை. அங்கே ஒன்று நடக்கும். அதை உன்னை நினைத்துக்கொண்டு எழுதினேன். நீ என்ன சொல்லப்போகிறாயோ என்று நாள் எண்ணிக்கொண்டிருக்கிறேன்.


ஒசாகா
1993 பிப்ரவரி 7

அன்புள்ள அண்ணனுக்கு,

இங்கே பனி ஒருநாள் பெய்து மறுநாளே கரைந்தது. எல்லோரும் நலம். அம்மாவின் முழங்காலுக்கு வெந்நீர் ஊற்றுக்குப் போய்வரச் சொன்னேன், போகமாட்டேன் என்கிறாள்.

பெயரைப் பற்றிக் கேட்டிருந்தாய். அது கம்பெனி வழக்கம், எனக்கு அதற்குமேல் தெரியாது. நான் அட்டை அடுக்குகிறவள்தானே. உன் அட்டையை மறக்காதே.

மினேகோ


இந்துமாக்கடல், எண்ணெய்க் கப்பல் வழியாக
1993 மார்ச் 2

மினேகோவுக்கு,

உடம்பு நலம், மனசு நலமில்லை. உன் கம்பெனியால்தான்.

ஐந்தாம் கணவாய் தாண்டிச் சத்திரத்தில் படுத்தோம். பொழுது விடிந்து பார்த்தால் மொகிச்சி இல்லை. சத்திரக்காரன் ஒரே ஒரு வரி சொல்கிறான்: "சூரியன் வர்றதுக்கு முன்னாடியே கிளம்பிட்டாரு." அவ்வளவுதான். எங்கே, ஏன், எப்போது வருவான், ஒன்றும் கிடையாது. அவனுக்கு மாட்டிவிட்ட கவசம், மூலிகை, இடிவாள் எல்லாம் அவனோடு போயிற்று. அப்போது விளையாட்டைக் கையில் வைத்திருந்தவன் நான். நாகாதா என்னை ஏதோ நான் விற்றுவிட்ட மாதிரிப் பார்த்தார்.

"பதினாறு பேரு பாத்திரம் கழுவிச் சேத்த வாளுடா அது. திருட்டுப்பய, மூட்ட கட்டிட்டுப் போயிட்டான்" என்றார்.

அன்றைக்குச் சாப்பாட்டு மேசையில் வேறு பேச்சே இல்லை. முன்னால் எங்காவது காத்திருப்பான் என்று இன்னும் இரண்டு கணவாய் நடந்து பார்த்தோம், இல்லை. அதற்குமேல் விளையாட யாருக்கும் கை வரவில்லை. இரண்டு கணவாய் திரும்பி நடந்து தேடலாம் என்றால் எட்டு பேட்டரிதான் மிச்சம்.

நீ கேட்ட அட்டையை எழுதிவிட்டோம். அஞ்சல்தலை வேண்டாம் என்று அதில் அச்சடித்திருக்கிறது, நடுக்கடலில் அது செல்லுமா என்று தெரியாததால் இந்தக் கடிதத்துக்குள்ளேயே வைக்கிறேன். பெட்டிக்கு ஓர் அட்டைதான் என்பதால் பதினாறு பேரும் அதிலேயே எழுதியிருக்கிறோம். ஓரத்திலும் எழுதியிருக்கிறது, திருப்பித் திருப்பிப் பார். பதினாலு பேர் 'மோசம்'. அரிமுரா 'சுமார்'. வானொலிக்காரர் 'நல்லது', அவர் அந்தச் சமயம் தூங்கிவிட்டார், மொகிச்சி போனதே அவருக்குத் தெரியாது.

இந்தக் கதையை எழுதினவன் யாரென்று உனக்குத் தெரியாமல் இருக்காது. என் சார்பில் அவனைக் கேள். கூட நடந்தவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் போகிறவனை நல்லவன் என்று எப்படி நம்பச் சொல்கிறான்?

அம்மாவுக்கு நான் தனியாக எழுதுகிறேன்.

இசாமு


ஒசாகா
1993 ஏப்ரல் 30

அன்புள்ள அண்ணனுக்கு,

செர்ரிப் பூ வந்து கொட்டியும் போயிற்று. நான் நலம். அம்மா கடைசியில் வெந்நீர் ஊற்றுக்குப் போனாள், அங்கே யாரோ சத்தமாகப் பாடினார்கள் என்று கோபித்துக்கொண்டு சீக்கிரம் வந்துவிட்டாள். உனக்குக் கப்பலில் காய்கறி கிடைக்கிறதா?

உங்கள் அட்டை வந்து சேர்ந்தது. எங்கள் கம்பெனியில் திங்கட்கிழமை காலையில் எல்லோரும் நிற்க, எங்கள் தலைவர் நிஷிவாகி மோசமான அட்டைகளை உரக்கப் படிப்பார். உங்களுடையதைப் படிக்க அவர் மூக்குக்கண்ணாடியை இரண்டுமுறை துடைக்க வேண்டியிருந்தது. நாகாதா எழுதியதைப் படித்தபோது எல்லோரும் சிரித்தார்கள். பதினாறு பேர் கருத்தை ஒன்றாகக் கணக்கு வைப்பதா, பதினாறாக வைப்பதா என்று ஒருவர் கேட்டார். ஓர் அட்டை என்றால் ஒன்றுதான் என்று சொல்லி, அதை 'மோசம்' அடுக்கில் நான்தான் வைத்தேன்.

இன்றோடு கணக்கு முடிந்தது. 'நல்லது' பாதிக்கு வரவில்லை. திட்டியவர்களில் முக்கால்வாசிப் பேர் மொகிச்சிக்காகத்தான் திட்டியிருக்கிறார்கள்.

கதை எழுதியவரை நிஷிவாகி கூப்பிட்டு ஒரு வழி சொன்னார். மூன்றாம் பாகத்தின் முதல் ஊரிலேயே மொகிச்சி திரும்பி வர வேண்டும், எல்லோருக்கும் முன்னால் மண்டியிட்டு மன்னிப்புக் கேட்க வேண்டும். அப்படி எழுதுவதானால் மூன்றாம் பாகம் உங்களுக்கே என்றார். எழுதியவர் முடியாது என்று சொல்லிவிட்டார். வேலையை இன்னொருவரிடம் கொடுத்துவிட்டார்கள். அவர் இப்போது அட்டைப் பிரிவில் என்னோடு உட்கார்ந்திருக்கிறார். பார்க்கப் பாவமாக இருந்தாலும், எனக்கு அவரை நினைத்துப் பெருமையாகத்தான் இருக்கிறது.

உன் கேள்வியை அவரிடம் கேட்டேன். யோசித்துவிட்டுச் சொன்னார்: "சொல்லிட்டுப் போக நின்னா போக முடியாதுன்னு சில பேருக்குத் தெரியும்."

வேறு விசேஷமில்லை. கோபத்தில் இடுப்பைப் பிடித்துக்கொள்ளாதே.

மினேகோ


இந்துமாக்கடல், எண்ணெய்க் கப்பல் வழியாக
1993 ஜூன் 11

மினேகோ,

உன் ஏப்ரல் கடிதம் முந்தாநாள் கிடைத்தது. அதைப் படிப்பதற்குப் பத்துநாள் முன்பே இங்கே ஒன்று நடந்துவிட்டது. இரண்டையும் சேர்த்து எழுதுகிறேன்.

அரிமுரா ஆரம்பத்திலிருந்தே மொகிச்சியைத் திருடன் என்று ஒத்துக்கொள்ளவில்லை. கப்பலில் ஒரு பழக்கம் இருக்கிறது. பாதிப் பயணத்தில் இறங்கிப் போகிறவன் யாரிடமும் விடைபெற மாட்டான், அது ராசியில்லை. ஆனால் இரவல் வாங்கியது, பொதுவில் எடுத்தது எல்லாவற்றையும் தன் படுக்கைக்குக் கீழே உள்ள பெட்டியில் அடுக்கி வைத்துவிட்டுத்தான் போவான். அவன் போனதும் நாங்கள் முதலில் அந்தப் பெட்டியைத்தான் திறப்போம்.

"போனவன் பெட்டியத் திறந்து பாக்காம திருடன்னு சொல்ற பழக்கம் நம்ம கப்பல்ல எப்பலேர்ந்து வந்தது?" என்று அரிமுரா நாகாதாவைக் கேட்டார். எங்களில் ஒருவருக்கும் அது தோன்றவில்லை என்பதுதான் வெட்கம்.

கடைசி எட்டு பேட்டரியைப் போட்டு அரிமுராவே நடந்தார். இரண்டு கணவாய் திரும்பிப் போய், அதே சத்திரம், மாடிப்படிக்குக் கீழே ஒரு பெட்டி. இடிவாள் இருந்தது. கவசம், மூலிகை, ஒன்று குறையாமல் இருந்தது. நாகாதா எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார்.

எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு ஜோடி வெள்ளை கேன்வாஸ் ஷூ இருந்தது. திரையில் இப்படி வந்தது: 'சின்ன ஷூ. கழுவியிருக்கிறது. காய்வதற்காக உள்ளே செய்தித்தாள் திணித்திருக்கிறது. யாருக்கும் பொருந்தாது.' மாட்ட முடியவில்லை, விற்கவும் முடியவில்லை. வாளும் கவசமும் இருக்கிற காலத்தில் செய்தித்தாள் ஏது என்று ஆளாளுக்குச் சிரித்தார்கள். நான் இஞ்சின் அறைக்குப் போய்விட்டேன்.

அப்பா இறந்த வருஷம் எனக்குப் பத்தொன்பது, உனக்குப் பன்னிரண்டு. கப்பலில் சேர்ந்துவிட்டேன் என்று அம்மாவிடம் மட்டும்தான் சொல்லியிருந்தேன். முந்தின சாயங்காலம் உனக்காகச் செய்ய வேறு எதுவும் தோன்றாமல், நீ பள்ளிக்கூடத்துக்குள் போடும் ஷூவைக் கழுவினேன். மழைக்காலம். காயாது என்று செய்தித்தாளைத் திணித்து அடுப்போரம் வைத்தேன். காலையில் நீ தூங்கிக்கொண்டிருந்தாய்.

அதற்குப் பிறகு பதினாறு வருஷமாக எத்தனையோ முறை ஊருக்கு வந்திருக்கிறேன். நீ அதைப் பற்றி ஒருமுறைகூடக் கேட்டதில்லை. நீ மறந்துவிட்டாய் என்றே நினைத்திருந்தேன்.

அந்த ஷூவை உலகத்தில் பார்த்தவர்கள் இரண்டே பேர். இந்தக் கதையை நான் எழுதவில்லை.

இசாமு


ஒசாகா
1993 ஜூலை 26

அண்ணா,

ஆமாம், நான்தான். உன் கடிதத்தை அலுவலகப் படிக்கட்டில் உட்கார்ந்து படித்தேன், பிறகு வேலைக்குப் போகாமல் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். இத்துடன் பிப்ரவரியில் எழுதி அனுப்பாத கடிதம் ஒன்றையும் வைத்திருக்கிறேன். அதைப் படித்தால் மீதி தெரியும். படித்துவிட்டு ரகசியத்தைக் காப்பாற்று.

இங்கே நல்ல வெயில். அம்மா நலம். நான் நலம் என்று எழுதினால் போதாது, ரொம்ப நலம். ஏன் என்று சொல்கிறேன்.

மழைக்காலம் ஆரம்பித்ததிலிருந்து புதுசாக அட்டைகள் வருகின்றன. கணக்கு முடித்த பிறகு யாரும் எழுதமாட்டார்கள், ஆனால் வருகின்றன. யாரோ ஒரு பிள்ளை எங்கோ பெட்டியைத் திறந்திருக்கிறது. பள்ளிக்கூடத்தில் சொல்லியிருக்கிறது. அது ஊர் ஊராகப் பரவிவிட்டது. டொயாமாவிலிருந்து நாலாம் வகுப்புப் பெண் ஒருத்தி எழுதியிருக்கிறாள், மொகிச்சி திருடன் இல்லை என்று தன் வகுப்பில் தான்தான் முதலில் கண்டுபிடித்தாளாம், மற்றவர்கள் அழுதார்களாம், அவள் அழவில்லையாம். முன்பே 'மோசம்' என்று எழுதிய ஒருவர், சாதாரண அஞ்சலட்டையில் கட்டம் வரைந்து 'நல்லது' என்று திருத்தி அனுப்பியிருக்கிறார்.

நிஷிவாகி இப்போதெல்லாம் திங்கட்கிழமை அட்டைகளை உரக்கப் படிப்பதில்லை, தனியாக எடுத்துக்கொண்டு போகிறார். இரண்டு வாரத்துக்கு முன்பு ஒரு வெள்ளிக்கிழமை வந்து மூன்றாம் பாகத்தின் ஃபைலை என் மேசையில் போட்டார்.

"மண்டியெல்லாம் போட வேணாம். திரும்பி வந்து என்ன பேசுவான்னு நீயே முடிவு பண்ணிக்கோ. ஆனா அடுத்த தடவையாவது பெட்டிய மனுஷன் கண்ணுல படற எடத்துல வை" என்றார்.

அவர் போகிறவரை தலையைக் குனிந்துகொண்டிருந்தேன். நிமிர்ந்தால் பல் தெரியும்.

அண்ணா, எல்லா வரியும் எனக்கு எழுதத் தெரியும். இது ஒன்றுதான் தெரியவில்லை. மொகிச்சி திரும்பி வந்ததும் என்ன சொல்வான்? இரண்டு வாரமாக எழுதி எழுதிக் கிழிக்கிறேன். உனக்குத் தெரியுமானால் எழுது. அக்டோபரில் முதல் ஊரை முடித்தாக வேண்டும்.

உன்
மினேகோ


கேப் டவுன்
1993 செப்டம்பர் 14

மினேகோவுக்கு,

முதலில் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். உன் ரகசியம் போய்விட்டது. கடிதத்தைப் படித்துவிட்டு நான் சிரித்த சிரிப்பைப் பார்த்து அரிமுரா கண்டுபிடித்துவிட்டார், அவர் நாகாதாவிடம் சொன்னார், நாகாதா வானொலியில் மற்றக் கப்பல்களுக்கெல்லாம் சொல்லிவிட்டார். "மொகிச்சிய எழுதுனது எங்க கப்பல் பொண்ணு" என்று அவர் சொன்னது என் காதிலேயே விழுந்தது. எங்கள் கப்பல் பெண்ணாம். உன்னைப் பெற்றது அவர் மாதிரி. ஏழு கப்பலுக்குத் தெரியும். கடலில் உன் கம்பெனி ஆட்கள் யாருமில்லை, பயப்படாதே. குஷிகினோ திரும்பும்வரை யாரும் வாயைத் திறக்கமாட்டார்கள், அதற்குப் பிறகு நான் பொறுப்பில்லை.

நாங்கள் எழுதிய அட்டையைத் திருத்தப்போவதில்லை என்று முடிவு செய்திருக்கிறோம். கொடுத்த கருத்து கொடுத்ததுதான். பெட்டி கண்ணில் படவில்லை, அதனால் மோசம். நாகாதா உன் தலைவரோடு இந்த விஷயத்தில் முழுக்க ஒத்துப்போகிறார். ஆனால் பெட்டிக்குள் இருந்ததைப் பற்றி அட்டையில் கேள்வி இல்லையே, அதனால் இங்கே சொல்கிறேன். இத்தனை வருஷமாகச் சூரைக் கப்பலில் நான் செய்த வேலைகளில் பெருமைப்பட ஒன்றிரண்டு இருக்கிறது. உன் பெயர் போடாத அந்தக் கதை அவை எல்லாவற்றையும்விட எனக்குப் பெரிது. கடிதத்தில் இப்படி எழுத வெட்கமாக இருக்கிறது, இருந்தாலும் எழுதிவிட்டேன்.

உன் கேள்விக்கு வருகிறேன். மூன்று நாள் யோசித்தேன். இஞ்சின் சத்தத்தில் யோசிப்பது எனக்குப் பழக்கம்.

அவனை எதுவும் பேச வைக்காதே. திரும்பி வருகிறவன் முதலில் பேச மாட்டான், எனக்குத் தெரியும், நான் ஒவ்வொரு முறையும் அப்படித்தான் வீட்டுக்குள் நுழைந்திருக்கிறேன். எல்லோரும் நடந்துகொண்டிருக்கட்டும். அவன் வந்து, யார் தோளில் பாரம் அதிகமோ அவர் மூட்டையை வாங்கிக்கொண்டு முன்னால் நடக்கட்டும். போதும். விளையாடுகிறவர்களுக்குப் புரியும். நாகாதாவுக்கே புரியும் என்றால் பார்த்துக்கொள்.

மன்னிப்பும் அவன் கேட்க வேண்டாம். எதற்குக் கேட்க வேண்டும், அவன் எல்லாவற்றையும் வைத்துவிட்டுத்தானே போனான். கேட்க வேண்டியவன் நான். ஷூவைக் கழுவி வைத்தால் சொன்னதற்குச் சமம் என்று பத்தொன்பது வயதில் நினைத்தேன். சமமில்லை. நவம்பர் கடைசியில் கப்பல் குஷிகினோ திரும்புகிறது. அம்மாவைப் பார்த்துவிட்டு மறுநாளே ரயில் ஏறி ஒசாகா வருகிறேன். உன் கம்பெனி வாசலிலேயே நின்று கேட்கிறேன், நிஷிவாகி பார்த்தால் பார்க்கட்டும்.

அதை மட்டும் எந்தப் பாகத்திலும் எழுதாதே.

உன் அண்ணன்
இசாமு